தேடலுக்கு வழி செய்தோர்: கொல்கத்தாவின் நூற்பட்டியல் முன்னோடிகளும் தேடுபொறி உகப்பாக்கமும்

முன்னுரை

நூல்கள் மறைந்துபோவதற்குரிய காரணங்களாகச் செல்லும் தீயும் வெள்ளமும் நெடுங்காலமாகச் சுட்டப்பட்டு வருகின்றன. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு காரணமும் உண்டு. நூல் இருந்தும், அது இருக்கும் இடம் தேடுவோர்க்குத் தெரியாமற் போதலே அது. அட்டவணையில் இடம்பெறாத சுவடியும் பட்டியலில் ஏறாத அச்சு நூலும் பயன்பாட்டு நிலையில் இல்லாத நூல்களே ஆகும். இணையம் பரவிய பின்னர் இச்சிக்கல் புதிய வடிவம் பெற்றது. தேடுபொறி காட்டாத பக்கம் படிப்போரின் பார்வைக்கு வருவது அரிது. இதனால், ஒரு பக்கத்தைத் தேடுபொறி எளிதிற் கண்டறிந்து முன்வரிசையில் காட்டும் வகையில் அமைக்கும் தொழில் தோன்றியது. 1990களின் பிற்பகுதியில் உருவான இத்தொழில் தேடுபொறி உகப்பாக்கம் எனப்படுகிறது.

இத்தொழிலின் முன்னோடிகளாக அமெரிக்காவைச் சார்ந்த சிலரின் பெயர்களே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயின், தேடுவோரையும் தேடப்படும் பொருளையும் இணைக்கும் முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு கொல்கத்தாவில் உண்டு. அவ்வரலாற்றில் தமிழகத்தாரின் பங்கும் தமிழ் நூல்களின் இடமும் கருதத்தக்கன. இவற்றை முறைப்படுத்திக் காண்பதும், தமிழாய்வு நூல்கள் இன்று எதிர்கொள்ளும் தேடற் சிக்கல்களுக்கு அவ்வரலாறு தரும் விளக்கத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிரமும் நூல் விவரமும்

தேடலுக்குத் துணைசெய்யும் விவரங்களை நூலோடு இணைத்து வைக்கும் வழக்கம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுக் கூறுகளை வகுக்கின்றது. இயற்றியவர் யார், எந்த முதல்நூலின் வழி வந்தது, எந்நிலப்பரப்பில் வழங்குவது, பெயர் என்ன, எவ்வகையில் யாக்கப்பட்டது, எதனைப் பற்றிப் பேசுகின்றது, யார் கேட்டற்குரியர், கற்றலால் விளையும் பயன் யாது என்பன அவை. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்று அந்நூலே கூறுகின்றது. இன்றைய நூலக அட்டையில் இடம்பெறும் ஆசிரியர், தலைப்பு, பொருள், காலம், இடம் ஆகிய விவரங்களுள் பெரும்பாலானவை இவற்றுள் அடங்கிவிடுகின்றன. இணையப் பக்கத்தின் தலைப்பகுதியில் பொதிந்து வைக்கப்படும் விவரக் குறிப்புகளும் இவ்வகையினவே.

பாயிரத்துக்கும் பட்டியலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாயிரம் நூலைக் கையில் எடுத்தவர்க்கே பயன்படும். நூல் எங்கே இருக்கிறது என்று அறியாதவர்க்குப் பாயிரம் உதவாது. பல நூல்களின் விவரங்களை நூல்களிலிருந்து பிரித்தெடுத்து, ஓரிடத்தில் ஒழுங்குபடுத்தி வைக்கும்போதே தேடல் என்னும் செயல் முழுமை பெறுகின்றது. இப்பணியை அச்சு நூல்களைப் பொறுத்து வங்காளத்தில் பெரிய அளவில் மேற்கொண்டவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் லாங் ஆவார்.

ஜேம்ஸ் லாங்கின் வங்காள நூற்பட்டியல்

அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் லாங் 1840 இல் கிறித்தவ சமயப் பணிக்காகக் கொல்கத்தாவுக்கு வந்தவர். 1855 இல் அவர் வெளியிட்ட வங்காள நூல்களின் விளக்கப் பட்டியல், அதற்கு முந்திய அறுபது ஆண்டுகளில் அச்சகங்களிலிருந்து வெளிவந்த 1,400 நூல்களையும் சிறு வெளியீடுகளையும் பொருள்வாரியாக வகைப்படுத்தியது. பெருநூல்களோடு சந்தையில் மலிவாக விற்கப்பட்ட சிறு வெளியீடுகளையும் அவர் பட்டியலில் ஏற்றினார். 1857 ஆம் ஆண்டு வெளிவந்த வங்காள நூல்கள் பற்றிய அறிக்கையொன்றையும் 1859 இல் அவர் அரசுக்கு அளித்தார்.

தமிழில் இதற்கு இணையான முயற்சி பத்தாண்டுகளில் நிகழ்ந்தது. ஜான் மர்டாக் 1865 இல் தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்தப்பட்ட பட்டியலைச் சென்னையில் வெளியிட்டார். இவ்விரு பட்டியல்களும் சமயப் பணியாளர்களால் தொகுக்கப்பட்டவை. பொருள்வாரிப் பகுப்பைக் கொண்டவை. பிற்காலத்தில் படிகளே கிடைக்காமற் போன நூல்கள் சில அச்சிடப்பட்டன என்பதற்கு இன்று இத்தகைய பட்டியல்களே சான்றாக உள்ளன.

பட்டியலிடும் பணி அதிகாரத்தோடு தொடர்புடையது என்பதற்கும் லாங்கின் வாழ்க்கை எடுத்துக்காட்டாகும். தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக 1861 இல் அவருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. தண்டத் தொகையைக் காளிபிரசன்ன சிங்கர் செலுத்தினார். நாட்டு மொழிகளில் என்ன எழுதப்படுகிறது என்பதை ஆட்சியாளர் அறிய வேண்டும் என்று வற்புறுத்திய ஒருவரே, அம்மொழியில் எழுதப்பட்ட ஒன்றை அவர்கள் அறியச் செய்ததற்காகத் தண்டனை பெற்றார். 1867 ஆம் ஆண்டின் 25 ஆம் சட்டம் அச்சிடப்பட்ட நூல்களைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியது. அதன்படி மாகாணந்தோறும் காலாண்டுப் பட்டியல்கள் வெளிவந்தன. கண்காணிப்பும் அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதித் தமிழ் நூல்களை ஆராய்வார்க்கு அக்காலாண்டுப் பட்டியல்கள் முதன்மைச் சான்றுகளாக அமைந்துவிட்டன. தேடற்கருவி ஒன்று, அதனை உருவாக்கியோர் கருதிய பயனைக் கடந்து பயன்படும் என்பதை இது காட்டுகிறது.

இம்பீரியல் நூலகம்

1836 இல் கொல்கத்தா பொது நூலகம் தொடங்கப்பட்டது. அரசுத் துறைகளின் நூலகங்களை இணைத்து 1891 இல் இம்பீரியல் நூலகம் உருவாயிற்று. கர்சன் பிரபுவின் முயற்சியால் இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு, 1903 சனவரி 30 அன்று மெட்காஃப் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பணியாற்றிய ஜான் மாக்ஃபார்லேன் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். 1904 இல் ஐரோப்பிய மொழி நூல்களுக்கான ஆசிரியர்வாரிப் பட்டியல் அச்சாயிற்று. அதனைத் தொடர்ந்து பொருளடைவும் வெளிவந்தது.

மாக்ஃபார்லேனுக்குப் பின் 1907 இல் நூலகரான ஹரிநாத் தே அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர். பன்மொழிப் புலவராகிய அவர் 1911 இல் தமது முப்பத்து நான்காம் வயதில் மறைந்தார். 1930 இல் பொறுப்பேற்ற கே. எம். அசதுல்லா 1935 இல் அந்நூலகத்திலேயே நூலகவியல் பயிற்சியைத் தொடங்கினார். இந்தியாவின் தலைமை நூலகத்தில் முதலில் அச்சான பட்டியல் ஐரோப்பிய மொழிகளுக்கு உரியது என்பது இங்கு நோக்கத்தக்கது. இந்திய மொழி நூல்கள் அனைத்தையும் ஒரே ஒழுங்கில் தேடத்தக்க கருவி விடுதலைக்குப் பின்னரே உருவாயிற்று.

கேசவனும் இந்திய தேசிய நூற்பட்டியலும்

1948 இல் இம்பீரியல் நூலகம் தேசிய நூலகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெல்வெடேர் மாளிகைக்கு இடம்பெயர்ந்த அந்நூலகத்தை 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் திறந்து வைத்தார். இக்காலத்தில் நூலகராக விளங்கியவர் பி. எஸ். கேசவன். சென்னை மயிலாப்பூரில் 1909 இல் பிறந்த இவர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தேசிய நூலகர் ஆவார்.

1954 ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம், நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும் என விதித்தது. இவ்வாறு வந்து சேரும் நூல்களைக் கொண்டு தேசிய நூற்பட்டியல் தொகுக்க 1955 இல் மத்திய மேற்கோள் நூலகம் நிறுவப்பட்டது. 1957 அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான காலாண்டுக்குரிய முதல் இதழ் 1958 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்தது. தமிழ், வங்காளம், ஆங்கிலம் உள்ளிட்ட 14 மொழிகளின் நூல்கள் அதில் ஒரே வரிசையில் இடம்பெற்றன. இதற்காக அனைத்து மொழித் தலைப்புகளும் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டன. நூல்கள் டூயி பகுப்பு முறைப்படி வரிசைப்படுத்தப்பட்டன. சீர்காழியைச் சேர்ந்த எஸ். ஆர். இரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு எண்ணும் உடன் தரப்பட்டது.

அகரவரிசைப் பொருளடைவை அமைப்பதற்கு இரங்கநாதனின் சங்கிலி முறை மேற்கொள்ளப்பட்டது. 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான இரங்கநாதன், 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933 இல் கோலன் பகுப்பையும் வெளியிட்டவர். அவருடைய சங்கிலி முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தமிழ்க் காப்பியங்களின் உரை பற்றிய நூலொன்றின் பொருளை இலக்கியம், தமிழ், காப்பியம், உரை எனப் பொதுவிலிருந்து சிறப்புக்கு இறங்கும் சங்கிலியாகக் கொள்ளலாம். பொருளடைவில் இது கீழிருந்து மேலாக அமையும். உரை, காப்பியம், தமிழ், இலக்கியம் என்பது முதற்பதிவு. காப்பியம், தமிழ், இலக்கியம் என்பது அடுத்தது. தமிழ், இலக்கியம் என்பது அதற்கும் அடுத்தது. தேடுபவர் எந்தச் சொல்லோடு வந்தாலும் அவரை உரிய இடத்துக்கு இட்டுச் செல்வதே இதன் பயன். தேடுவோர் மனத்தில் எச்சொல் தோன்றும் என்பதை முன்கூட்டி எண்ணி, அச்சொல்லின்கீழ் நூலை நிறுத்தும் இச்செயல், தேடுபொறி உகப்பாக்கத்தின் அடிப்படைச் செயலோடு ஒத்தது. படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்னும் இரங்கநாதனின் நான்காம் விதியும் இதனையே வற்புறுத்துகின்றது.

தேசிய நூற்பட்டியல் 1957 க்குப் பிந்திய நூல்களுக்கு உரியது. அதற்கு முந்திய அரை நூற்றாண்டின் இலக்கிய நூல்களுக்காகச் சாகித்திய அகாதெமி, 1901 முதல் 1953 வரையிலான இந்திய இலக்கியத்தின் தேசிய நூற்பட்டியலைக் கேசவன், வி. ஒய். குல்கர்ணி ஆகியோரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் நூல்கள் அதன் நான்காம் தொகுதியில் இடம்பெற்றுள்ளன.

வையாபுரிப்பிள்ளை தொகுப்பு

தமிழாய்வு உலகுக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் உள்ள உறவு வையாபுரிப்பிள்ளை தொகுப்பால் வலுப்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் 1936 வரை பணியாற்றிய ச. வையாபுரிப்பிள்ளை 1956 இல் மறைந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ மூவாயிரம் நூல்களும் ஓலைச்சுவடிகளும் கொல்கத்தா தேசிய நூலகத்தில் அவர் பெயராலேயே தனித் தொகுப்பாகப் பேணப்படுகின்றன.

வையாபுரிப்பிள்ளையும் தேடலுக்கு வழி செய்தோர் வரிசையில் வைக்கத்தக்கவர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட பேரகராதி, சொல்லிலிருந்து நூலுக்குச் செல்லும் வழியைத் திறந்தது. சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வாயிலாக 1940 இல் அவர் பதிப்பித்த சங்க இலக்கியம், பாடல்களைத் தொகை நூல் வரிசையில் தாராமல் புலவர்வாரியாகத் தந்தது. ஒரு புலவர் பாடியவை பல தொகைகளிற் சிதறிக் கிடந்தமையால் அவருடைய பாடல்களை ஒருங்கு காண்பது அதுவரை கடினமாக இருந்தது. வரிசையை மாற்றியதனால் புதிய வினாக்கள் எழுந்தன; ஒரு புலவரின் நடை, காலம், பாடப்பட்டோர் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்வது எளிதாயிற்று. பகுப்பு முறை ஆய்வின் போக்கையே மாற்றவல்லது என்பதற்கு இப்பதிப்பு தக்க சான்றாகும்.

அத்தகைய அறிஞரின் தொகுப்பு இன்று தமிழகத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அதனை நேரிற் சென்று காணும் வாய்ப்பு ஆய்வு மாணவருள் சிலர்க்கே கிட்டும். ஆகவே அத்தொகுப்பின் பயன், அதிலுள்ள நூல்களைப் பற்றிய விவரம் எவ்வளவு எளிதில் தேடிக் கண்டறியத்தக்கதாக உள்ளது என்பதைப் பொறுத்தே அமைகின்றது.

தேடுபொறிகளும் உகப்பாக்க முன்னோடிகளும்

இணையத்தின் தொடக்கத்திலும் நூலகர் முறையே கையாளப்பட்டது. 1994 இல் டேவிட் ஃபைலோ, ஜெர்ரி யாங் ஆகியோர் தொடங்கிய யாகூ, இணையதளங்களை மனிதர்களே பொருள்வாரியாக வகைப்படுத்திய அடைவாக இருந்தது. இந்திய வமிசாவளியினரான ஸ்ரீநிஜா ஸ்ரீநிவாசன் அப்பகுப்புப் பணிக்குத் தலைமை வகித்தார். பக்கங்களின் எண்ணிக்கை பெருகியபோது மனிதப் பகுப்பு ஈடுகொடுக்க இயலவில்லை. 1994 இல் வெப்கிராலரும் 1995 இல் ஆல்டாவிஸ்டாவும் பக்கங்களின் முழு உரையையும் கணினி வழியே அடைவுபடுத்தின. சொல் எத்தனை முறை வருகிறது, எங்கு வருகிறது என்பனவே தர வரிசைக்கு அடிப்படையாயின.

இந்நிலையில், ஒரு பக்கம் ஏன் முன்னே வருகிறது, மற்றொன்று ஏன் வருவதில்லை என்னும் வினாவை முறையாக ஆராய்ந்தவர்களுள் டேனி சல்லிவன் குறிப்பிடத்தக்கவர். நாளிதழ்ப் பணியிலிருந்து வந்த இவர், இணையதளம் நடத்துவோர்க்கான தேடுபொறி வழிகாட்டியை 1996 இல் வெளியிட்டார். 1997 இல் அது விரிவு பெற்றுத் 'தேடுபொறிக் கண்காணிப்பு' என்னும் பொருள்படும் பெயரில் தொடர்ந்தது. புரூஸ் கிளேயும் 1996 முதல் இத்துறையில் இயங்கியவர். இவர்களின் தொடக்க காலப் பணி, தேடுபொறிகளின் இயக்கத்தைப் பொதுமக்களுக்கு விளக்குவதாக இருந்தது.

அறிவு பரவியபோது அதன் பிழையான பயன்பாடும் பரவியது. தொடர்பற்ற சொற்களைப் பக்கத்தில் மீண்டும் மீண்டும் நிரப்புதல், பின்னணியின் நிறத்திலேயே எழுத்தை அமைத்து மறைத்தல் முதலிய உத்திகள் பெருகின. 1998 இல் செர்கே பிரின், லாரி பேஜ் ஆகியோர் முன்வைத்த முறை, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை மேற்கோள்கள் போலக் கொண்டு மதிப்பிட்டது. அறிவியற் கட்டுரைகளின் மதிப்பை மேற்கோள்களால் அளக்கும் எண்ணத்தை 1955 இலேயே யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்டிருந்தார். இணைப்புகளையும் விலைக்கு வாங்கும் வழக்கம் விரைவில் ஏற்பட்டது. கூகுள் நிறுவனத்தில் இத்தகைய மோசடிகளைத் தடுக்கும் குழுவை நடத்திய மாட் கட்ஸ், பக்கத்தின் தலைப்பகுதியில் தரப்படும் திறவுச்சொற் குறிப்பைத் தர வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என 2009 இல் அறிவித்தார். பாயிரம் போன்று நூலின் உள்ளீட்டை உரைக்க வேண்டிய பகுதி, பொய்யுரையால் நம்பிக்கை இழந்ததன் வரலாறு இது. 2017 இல் டேனி சல்லிவனும் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார்.

நூலகருக்கும் உகப்பாக்குநருக்கும் உள்ள வேறுபாடு இங்குப் புலனாகின்றது. நூலகர் எல்லா நூல்களுக்கும் பொதுவான நடுவர். எந்த நூலையும் முன்னிறுத்துவது அவர் கடமையன்று. உகப்பாக்குநரோ ஒரு தரப்புக்கு வழக்காடுபவர். இருவர் கையிலும் இருக்கும் கருவி ஒன்றே; நோக்கமே வேறுபடுகின்றது.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பங்களிப்பு

பி. சி. மகலனோபிசு 1931 இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தேடல் ஆய்வில் இருவகையில் தொடர்புடையது. இரங்கநாதன் 1962 இல் பெங்களூரில் தொடங்கிய ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையம் இந்நிறுவனத்தின் ஓர் அங்கமாகும். அம்மையத்தில் கணேஷ் பட்டாச்சார்யா, இரங்கநாதனின் கொள்கைகளை அடிப்படையாகக் கொண்டு பாப்சி என்னும் பொருளடைவு முறையை வகுத்தார்.

இரண்டாவது தொடர்பு கணினிவழித் தேடலைச் சார்ந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு சால்ட்டன் உருவாக்கிய ஆய்வு மரபில் பயின்ற மந்தார் மித்ரா, பின்னர்க் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பேராசிரியர் ஆனார். அமித் சிங்கால், கிறிஸ் பக்லி ஆகியோருடன் சேர்ந்து 1996 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஆவணத்தின் நீளத்தால் தர வரிசையில் ஏற்படும் சாய்வைத் திருத்துவது பற்றியது. நீண்ட ஆவணத்தில் ஒரு சொல் பல முறை வருவது இயல்பு. எண்ணிக்கையை அப்படியே கொண்டால் நீண்டவை முந்தும். நீளத்தை மிகையாகத் தண்டித்தால் குறுகியவை முந்தும். இவ்விரு பிழைகளுக்கும் இடையே உரிய நிலையைக் காணும் வழியை அக்கட்டுரை தந்தது. சொற்களை நிரப்பி முன்னேறும் உத்தி எழுந்த அதே ஆண்டுகளில், சொல்லெண்ணிக்கையை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா ஆய்வுக்கூடத்தில் ஆராயப்பட்டது என்பது கருதத்தக்கது. அமித் சிங்கால் 2000 இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்து, தேடல் தர வரிசைப் பணிக்குத் தலைமை வகித்து, 2016 இல் விலகினார்.

பிரசென்ஜித் மஜும்தார், மந்தார் மித்ரா உள்ளிட்டோர் 2007 இல் வெளியிட்ட யாஸ் என்னும் முறை, இலக்கண அறிவு தரப்படாமலே, எழுத்தொப்புமையை மட்டும் கொண்டு ஒரு வேரிலிருந்து விரிந்த சொல் வடிவங்களை ஒரு குழுவாக்க முயன்றது. இதனைத் தொடர்ந்து 2008 இல் இந்திய மொழிகளுக்கான தகவல் மீட்பு மதிப்பீட்டு மன்றம் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. ஃபயர் எனச் சுருக்கமாக வழங்கப்படும் இம்மன்றம், ஆவணத் தொகுதி, வினவல்கள், ஒவ்வொரு வினவலுக்கும் உரிய விடை எது என்னும் மனித மதிப்பீடு ஆகிய மூன்றையும் ஆய்வாளர்க்கு வழங்கியது. அமெரிக்காவில் 1992 முதல் நடந்துவந்த இத்தகைய முயற்சி இந்திய மொழிகளுக்கு அப்போதுதான் கிட்டியது. தமிழில் வினவி ஆங்கில ஆவணங்களைத் தேடும் முயற்சியில் சென்னை ஏயூ-கேபிசி ஆய்வு மையம் முதல் ஆண்டிலேயே பங்கேற்றது.

தமிழுக்குரிய தேடற் சிக்கல்கள்

மேற்கண்ட வரலாற்றின் ஒளியில் தமிழுக்குரிய சிக்கல்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது குறியீட்டுச் சிக்கல். 1990களில் தமிழ்ப் பக்கங்கள் பல்வேறு எழுத்துருக் குறியீடுகளில் அமைந்தன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல், கணினிக்குள் வெவ்வேறு எண்களாக இருந்தது. அதனால் ஒரு குறியீட்டில் தேடியவர்க்கு மற்றொன்றில் உள்ள பக்கம் அகப்படவில்லை. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையையும் குறியீடுகளையும் தரப்படுத்த முயன்றது. தமிழக அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியீடுகளில் தட்டச்சாகி மாற்றப்படாத நூல்களும் ஆய்வேடுகளும் இன்றும் தேடலுக்கு அப்பாற்பட்டனவாகவே உள்ளன.

இரண்டாவது சொல்வடிவச் சிக்கல். மரம் என்னும் சொல் மரத்தை, மரத்தினால், மரங்களில் என விரிகின்றது. முன்னெழுத்து ஒப்புமையை மட்டும் கொண்டால் மரபு, மரணம் ஆகியனவும் அக்குழுவில் சேரும் இடர் உண்டு. மாறாக, கல், கற்கள் என்பன முதலெழுத்தளவிலேயே ஒத்தும், வா, வந்தான் என்பன முதலெழுத்தின் மெய்யளவிலேயே ஒத்தும் பிரிந்து நிற்கும். புணர்ச்சி, சாரியை, உருபேற்கும் முறை ஆகியன பற்றித் தமிழ் இலக்கண நூல்கள் வகுத்துள்ள விதிகள் இங்கு நேரடியாகப் பயன்படத்தக்கவை. புள்ளியியலால் மட்டும் தீராத இச்சிக்கலில் தமிழ்த்துறைகளுக்கு உரிய பங்கு பெரிது.

மூன்றாவது ஒலிபெயர்ப்புச் சிக்கல். தேசிய நூற்பட்டியல் தமிழ்த் தலைப்புகளை விதிமுறைக்கு உட்பட்ட உரோமன் எழுத்தில் தந்தது. பேரகராதி மேற்கொண்ட ஒலிபெயர்ப்பு முறையை உலக அளவில் தமிழறிஞர் பின்பற்றுகின்றனர். பொதுமக்களோ தமக்குத் தோன்றியவாறு எழுதுகின்றனர். சிலப்பதிகாரம் என்னும் பெயரின் முதலெழுத்தைச் சகரத்துக்குரிய மூவகை உரோமன் எழுத்துகளாலும், தகரத்தை இருவகையாலும் எழுதுவோர் உளர். ஒருவகையில் பதிவான நூல், மற்றொரு வகையில் தேடுவார்க்குத் தோன்றுவதில்லை. ஃபயர் மன்றம் 2013 முதல் உரோமன் எழுத்தில் அமைந்த இந்திய மொழி வினவல்களைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது. 1958 இல் நூற்பட்டியலுக்காக எழுந்த வினாவே கணினித் தேடலிலும் தொடர்ந்தது எனலாம். ஆசிரியர் பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. தலைப்பெழுத்தைத் தமிழில் எழுதுதல், ஆங்கில ஒலிப்பில் எழுதுதல், பெயருக்கு முன்னும் பின்னும் இடுதல் ஆகிய வேறுபாடுகளால் ஒருவர் பலராகவும் பலர் ஒருவராகவும் காட்சியளிக்கின்றனர்.

முடிவுரை

ஜேம்ஸ் லாங் முதல் மந்தார் மித்ரா வரையிலான கொல்கத்தா மரபை நோக்கும்போது சில முடிவுகள் புலப்படுகின்றன. முதலாவது, தேடலுக்கு வழி செய்யும் பணி இணையத்தோடு தோன்றியதன்று. பாயிரம், பட்டியல், பொருளடைவு, அகராதி ஆகியவற்றின் தொடர்ச்சியே அது. இரண்டாவது, உகப்பாக்கம் என்னும் தொழிலின் நேர்மையான பகுதி, பொருளுக்கு உண்மையான விவரத்தை உரிய சொல்லால் தருதலாகும். அவ்வளவில் அது நூலகர் பணியே. விவரம் பொய்யாகும்போது தேடற்கருவி முழுவதும் மதிப்பிழக்கும் என்பதைத் திறவுச்சொற் குறிப்பின் வரலாறு காட்டுகிறது. மூன்றாவது, ஒரு மொழியின் தேடற்கருவிகளை அம்மொழியின் இலக்கணத்தையும் நூல் வரலாற்றையும் அறிந்தோர் பங்கேற்பின்றிச் செம்மையாக உருவாக்க இயலாது.

தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளும் இவற்றிலிருந்து பெறப்படுகின்றன. பழைய குறியீடுகளில் உள்ள ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றுதல், தமிழாசிரியர் பெயர்களுக்குத் தரப்படுத்தப்பட்ட அடைவு ஒன்றைத் தொகுத்தல், ஆய்விதழ்க் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், பொருள், திறவுச்சொல் ஆகியவற்றைத் தமிழிலும் முறையான ஒலிபெயர்ப்பிலும் தருதல் ஆகியன அவை. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு நெறியை வகுத்துக்கொண்டு அதனை வழுவாது பின்பற்றும் உழைப்பே தேவை. கொல்கத்தாவில் உள்ள வையாபுரிப்பிள்ளை தொகுப்பின் நூல் ஒவ்வொன்றும் தமிழ் எழுத்திலேயே தேடிக் கண்டறியத்தக்க நிலையை அடைவது, அவ்வுழைப்பு தொடங்கத்தக்க முதற்களமாகும்.